பத்மினிக்கு மூச்சு வாங்குகிறது!

வயசான காருக்கும் வயசான மனுஷருக்கும் ஒரே ராசி. மேட்டில் ஏறும்போது கொஞ்சம் மூச்சு வாங்கினால் போதும், பார்க்கிறவர்கள் எல்லோரும் நேராக நெஞ்சைத்தான் காட்டுவார்கள். "இன்ஜின் போச்சு சார்!"

எங்கள் வீட்டு பிரீமியர் பத்மினி 1988 மாடல். 1,089 சி.சி., நாலு சிலிண்டர், ஸ்டியரிங்கை ஒட்டியே கியர். அப்பா வாங்கிய ஒரே கார். சேலத்துக்குள் சமர்த்தாக ஓடும். ஏற்காடு மலைப்பாதையில் மட்டும் மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே இருமிக்கொண்டு நின்றுவிடும். மொத்தம் இருபது வளைவு!

ஒரு பட்டறையில் ஆக்ஸிலேட்டரை ஒரே ஒரு தடவை மிதித்துக் கேட்டுவிட்டு, "ரீபோர் பண்ணணும், பிஸ்டன் மாத்தணும், நாப்பத்தஞ்சாயிரம் ஆகும்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அப்பாவுக்கு வயது 79. சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "காயலான் கடைக்காரனை வரச் சொல்லுடா" என்றார். அன்று ராத்திரி ஒரு பிடி மோர் சாதத்தோடு எழுந்துவிட்டார்.

கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை காலையில், பழைய வண்டிகளையே பார்க்கிற மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் பானெட்டைத் தொடவில்லை. கேள்விதான் கேட்டார்.

"நின்னப்புறம் அஞ்சு நிமிஷம் விட்டு எடுத்தா எப்படி?"

"நல்லா ஏறுதுங்க. அடுத்த ரெண்டு வளைவு வரைக்கும்."

"தேஞ்ச பிஸ்டன் அஞ்சு நிமிஷம் ரெஸ்ட் எடுத்தா வளந்துடுமா சார்?"

அப்பா ஈஸிசேரிலிருந்து எழுந்து வந்தார்.

முதலில் ஜாக்கி போட்டு நாலு சக்கரத்தையும் கையால் சுற்றினார். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் வண்டி இழுக்காதாம். தடையில்லாமல் சுற்றின. அடுத்து என்னை ஆக்ஸிலேட்டரை அழுத்தச் சொல்லி, கார்புரேட்டர் முழுசாகத் திறக்கிறதா என்று பார்த்தார். திறந்தது. டெலிகோவில் பாயிண்ட் இடைவெளி, டைமிங் எல்லாம் சரி. நாலு பிளக்கையும் கழற்றினார். முனைகள் வெளிறி, வெள்ளை பூத்திருந்தன. "பெட்ரோல் பத்தலை, காத்து ஜாஸ்தி" என்றார். பிளக் துளைகளில் கேஜ் வைத்து கம்ப்ரஷன் பார்த்தார். நாலும் ஏறக்குறைய ஒரே அளவு.

"ஒண்ணு மட்டும் குறைஞ்சா ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுப் பார்ப்பேன். ஏறினா ரிங்கு, ஏறலேன்னா வால்வு. இங்க அதுக்கு வேலையே இல்ல."

பிளக்குகளைத் திரும்ப மாட்டி, காயில் வயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டார். "ஐயா, செல்ஃப் எடுங்க!" அப்பா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து எடுத்தார். பீறிட்டு வரவேண்டிய பெட்ரோல், கஞ்சன் கை காசு மாதிரி சொட்டியது. இன்ஜின் ஆறிக்கிடந்த நேரம். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிட்டது என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை.

குற்றவாளி, பம்புக்கு முன்னால் இருந்த ஒரு சாண் ரப்பர் ஹோஸ். வெளியே பார்த்தால் ராஜா மாதிரி இருந்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளே ஊறின அப்பளம்! பம்பு உறிஞ்சும்போதெல்லாம் ஒட்டிக்கொண்டது. சமதரையில் சொட்டுகிற பெட்ரோலே போதும். மேட்டில் கார்புரேட்டர் கிண்ணம் காலியாகிவிடும். நின்றால் உறிஞ்சல் விட்டு ஹோஸ் மெல்லத் திறந்துகொள்ளும், மறுபடி எடுக்கும்போது கிண்ணம் நிரம்பும். இதுதான் அந்த 'ரெஸ்ட்'டின் ரகசியம்.

இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். கார்புரேட்டர் காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதில்லை, ஊறும், உரியும். டாங்க்கில் பல வருஷமாகப் படிந்த அழுக்கையும் எத்தனால் கரைத்துக் கிளப்பிவிடும். அதனால் எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்டு, ஃபில்டரையும் மாற்றினார். கூலியோடு அறுநூறு ரூபாய்.

ஞாயிற்றுக்கிழமை வந்த காயலான் கடைக்காரருக்கு அப்பா காபி கொடுத்து, பழைய பேப்பரை எடைக்குப் போட்டு அனுப்பினார். மறுநாள் இருபது வளைவையும் நிற்காமல் ஏறினோம்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களே, இழுக்கவில்லை என்றால் மலிவான சந்தேகத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் எது குணப்படுத்தியது என்றே தெரியாது. நெஞ்சைக் கிழிப்பதற்கு முன்னால் தொண்டையில் ஏதாவது அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. காருக்கு மட்டும் சொல்லவில்லை.