தாத்தாவின் படப்பெட்டி

எங்கள் குடும்பம் கரக்பூரில் வேரூன்றி மூன்று தலைமுறைகள் ஆகின்றன. தாத்தா ரயில்வே பட்டறையில் பிட்டராகச் சேர்ந்தார். அப்பாவும் அங்கேயே உழைத்து ஓய்வு பெற்றார். நான் குமாஸ்தாவாகக் காலந்தள்ளுகிறேன். சென்ற ஆண்டு நாங்கள் குவார்ட்டர்ஸ் மாறியபொழுது, கட்டிலுக்கடியில் கிடந்த தகரப் பெட்டியொன்று வெளிவந்தது. அதனுள் இருந்தது ஒரு புரொஜெக்டர். வீட்டில் 8 மில்லிமீட்டர் படம் போட்டுப் பார்க்கும் கருவி.

1968-இல் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஆங்கிலோ-இந்திய கார்டு ஒருவர், அதனையும் ஒரு காமிராவையும் தாத்தாவுக்கு மலிவாகக் கொடுத்துச் சென்றாராம். அடுத்த பொங்கலன்று தாத்தா ஒரு சுருள் படம் பிடித்தார். 1971-இல் பாட்டி காலமானாள். அன்று மூடிய பெட்டியைத் தாத்தா தம் ஆயுள் உள்ளவரை திறக்கவில்லை. பாட்டி இறந்தபொழுது அப்பாவுக்கு வயது 12. அவளுடைய புகைப்படம் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் உண்டு.

அப்பா கோவிலுக்குச் சென்றிருந்த வேளை. அவர் திரும்புமுன் படத்தை ஓட்டி அவரை வியப்பில் ஆழ்த்தலாம் என்று எண்ணினேன். மேலே தெரிந்த தூசியை மட்டும் துடைத்துவிட்டுச் சுருளை மாட்டினேன். விளக்கும் எரிந்தது. எதிர்ச்சுவரில், செங்கல் குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு பெண் குனிந்து கோலமிட்டாள். நான் மெய்ம்மறந்து நின்றேன். கரகரவென்று எழுந்த ஒலியைச் சற்றுத் தாமதமாகவே கேட்டேன். நிறுத்திப் பார்த்தால், ஓடிய பகுதி முழுதும் நெடுக ஒரு கீறல்!

அவசரத்தின் விலையை அன்று அறிந்தேன். 50 அடிச் சுருளில் 4,000 சிறு படங்கள் உள்ளன. விநாடிக்கு 16 வீதம் ஓட, அது நான்கு நிமிடக் காட்சி. ஒரு கொக்கி படத்தின் துளையில் மாட்டி இழுக்க, ஒவ்வொரு படமும் 'கேட்' என்னும் குறுகிய வாசலில் கணநேரம் நின்று செல்லும். அவ்வாசலில் இறுகிய அழுக்கு ஒரு கடுகளவு இருந்தாலும் போதும். அவ்வழியே செல்லும் படம் அனைத்தையும் அது உழுதுவிடும். உரிந்துபோன படச்சாயத்தை மீட்கும் வழி ஏதும் இல்லை.

அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "முதலில் இயந்திரத்தைச் சுத்தம் செய்" என்று மட்டும் சொன்னார். பட்டறைக்காரர் அல்லவா!

பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இருவரும் அமர்ந்து அதனைச் செய்தோம். மின்சாரத்தைத் துண்டித்து, விளக்கு நன்கு ஆறியபின்னரே கைவைத்தோம். கேட்டையும் அதன் அழுத்துத் தகட்டையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தோம். இறுகிய அழுக்கை மூங்கில் குச்சியால் மெல்ல நெம்பினோம்; கத்தியோ ஊசியோ பட்டால் அந்தத் தழும்பே மறுபடியும் படத்தைக் கீறும். பற்சக்கரங்களை மென்மையான தூரிகையால் துலக்கினோம். ரப்பர் பெல்ட் பிசினாக உருகியிருந்தது. அதனைச் சுரண்டியெடுத்து, அதே அளவில் புதியதொன்று மாட்டினோம். எண்ணெய்த் துளைகளில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி மட்டும் விட்டு, வழிந்ததை ஒற்றியெடுத்தோம். படம் செல்லும் பாதையில் எண்ணெய் படவே கூடாது. பின்னர்ப் படமின்றி அரைமணி நேரம் ஓட்டிச் செவிகொடுத்தோம். உதவாத பழைய துண்டொன்றை ஓட்டிப் பார்த்துக் கீறல் விழவில்லை என்று உறுதி செய்துகொண்டோம். அதன் பின்னரே பாட்டியின் சுருளை, கேட்டின் மேலும் கீழும் சிறு வளையமாகத் தளரவிட்டு மாட்டினோம்.

விளக்கணைத்த அறையில் பாட்டி மீண்டும் கோலமிட்டாள். அவள் முகத்தின்மேல் நான் இட்ட வெள்ளைக் கோடும் கூடவே ஓடியது. ஒரு சிறுவன் குறுக்கே ஓடிவர, அவள் தலைநிமிர்ந்து ஏதோ சொன்னாள். ஊமைப் படமாதலின் உதடுகள் மட்டுமே அசைந்தன.

"மிதிக்காதேடா என்கிறாள்" என்றார் அப்பா.

அதன்பின் நெடுநேரம் அவர் பேசவில்லை. நானும் விளக்கைப் போடவில்லை.

இப்பொழுது அச்சுருளை டிஜிட்டல் பிரதியாக்கித் திருச்சியிலுள்ள அத்தைக்கும் அனுப்பிவிட்டோம். ஊரைவிட்டு வந்த நம்மவர் வீடுகளில் இன்னும் எத்தனையோ பெட்டிகள் இப்படி உறங்கக்கூடும். அன்பர்களே, அவற்றைத் திறவுங்கள். சுருளில் புளித்த காடிவாடை வீசினால் படம் அழியத் தொடங்கிவிட்டது என்று அறிக. அதனை மற்றச் சுருள்களிடமிருந்து பிரித்து வைத்து, விரைவில் பிரதி எடுத்துவிடுங்கள். ஆனால் இயந்திரத்தைத் துடைக்காமல் மட்டும் ஓட்டாதீர்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த முகம், இன்னும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் காத்திருக்கும்.