பட்டதா, படவில்லையா?

தட்டைத் தூக்கி எறிவது நம் வீடுகளில் கோபத்துக்கு அடையாளம். சாம்பாரில் உப்புக் கூடிவிட்டால் எறிகிற மகானுபாவர்கள் சில வீடுகளில் உண்டு. அமெரிக்காவிலோ தட்டு எறிவதற்கென்றே விதிகள், சங்கம், பந்தயம் எல்லாம் வைத்திருக்கிறார்கள். டிஸ்க் கோல்ப் என்று பெயர்.

கோல்ப் ஆட்டத்தில் பந்தைத் தடியால் அடித்துக் குழியில் தள்ளுகிறார்கள் அல்லவா? இதில் பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு. தடிக்குப் பதில் கை. குழிக்குப் பதில் கம்பத்தில் பொருத்திய இரும்புக் கூடை. கூடைக்கு மேலே சங்கிலிகள் கொத்தாகத் தொங்கும். தட்டு அதில் மோதி, கலகலவென்று ஒலித்துக் கூடைக்குள் விழ வேண்டும். குறைந்த எறிதல்களில் முடித்தவர் ஜெயித்தவர்.

ஆனால் வாசகியரே, நான் சொல்ல வந்தது கூடை இல்லாமல் ஆடுகிறார்களே, அந்த ஆட்டத்தைப் பற்றி. அதுதான் மூத்தது. 1926-ல் கனடாவில் பிளாட்வொர்த் என்ற சிற்றூரில் பள்ளிப் பிள்ளைகள் தகர மூடிகளை மணலில் போட்ட வட்டங்களுக்குள் எறிந்து ஆடியிருக்கிறார்கள். 1965-ல் கலிபோர்னியாவில், இடுப்பில் சுழற்றும் வளையங்களையே இலக்காக வைத்து ஆடினார்கள். நிலையாக ஊன்றும் கூடை ஒன்றுக்கு இன்று சில நூறு டாலர் ஆகிறது. ஒரு மைதானத்துக்கு ஒன்பதோ பதினெட்டோ வேண்டும். மரத்துக்குக் காசு கேட்பார் யார்?

கலிபோர்னியாவில் கல்லூரித் தோழி ஒருத்தியின் வீட்டில் தங்கியிருந்தபோது, பக்கத்துப் பூங்காவில் இந்த ஆட்டத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, அவள் அண்ணன், எழுபது வயதைத் தாண்டிய பாட்டி. விளக்குக் கம்பம் முதல் இலக்கு. பைன் மரம் இரண்டாவது. அப்புறம் குப்பைத் தொட்டி. இப்படியே போய்க் கடைசியில் ஓர் ஓக் மரம். அடிமரத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. அடிமரத்தில் பட்டால் கணக்கு. கிளையில் பட்டால் கணக்கில்லை.

கூடையென்றால் தட்டு உள்ளே தங்க வேண்டும். ஆகவே கடைசி வீச்சைப் பதமாக விட வேண்டியிருக்கிறது. மரத்துக்கு அந்தக் கவலை கிடையாது. பட்டுத் தெறித்து எங்கே போய் விழுந்தாலும் சரி, பட்டால் போதும். பையன் வேகமாக எறிந்துவிட்டுப் புதரில் தேடிக்கொண்டிருப்பான். பாட்டி அவசரமே இல்லாமல், கிட்டக் கிட்டப் போட்டு, நேராகப் போய்ச் சேருவாள். அவளைப் பார்த்ததும் எனக்குப் பெருமூச்சுத்தான் வந்தது. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு நம்மில் எத்தனை பேர் எதையாவது கைவீசி எறிந்திருக்கிறோம், சொல்லுங்கள்!

அந்தப் பெண் அண்ணனை ஒரு முறைகூட ஜெயித்ததில்லையாம். அன்று ஓக் மரத்தில் பட்டால் ஒரே ஓர் எறிதல் வித்தியாசத்தில் ஜெயம். எறிந்தாள். இலைகள் அசைந்தன. தட்டு மரத்துக்குப் பின்னால் மறைந்தது. அண்ணன் புதரிலிருந்து தலையைத் தூக்கி, "பட்டதா?" என்றான். பாட்டியிடம் கண்ணாடி இல்லை. நான் நின்ற இடத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "இல்லை, கிளையில்தான் பட்டது" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது! மறுபடி எறிந்து முடித்தாள். இருவரும் சமம். இருட்டிவிட்டது, அண்ணன், "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி, அவள் தட்டுகளையும் தானே சுமந்துகொண்டு நடந்தான்.

சங்கிலி இருந்திருந்தால் அவளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உண்மையில், பட்டதா படவில்லையா என்கிற இந்தத் தகராறுதான் கூடையையே பிறப்பித்தது. வாம்-ஓ பொம்மைக் கம்பெனியில் இருந்த எட் ஹெட்ரிக், 1975-ல் கலிபோர்னியாவில் ஓக் க்ரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். அங்கும் ஆரம்பத்தில் வெறும் கம்பங்கள்தாம். வாதாடி அலுத்துப் போய்ச் சங்கிலிக் கூடையைச் செய்தார். 1977-ல் அதற்குப் பேடண்ட் கிடைத்தது. தட்டின்மேல் அவருக்கு எத்தனை பிரியம் என்றால், 2002-ல் அவர் காலமானதும், அவர் விருப்பப்படியே அஸ்திச் சாம்பலைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள்! ஆனாலும் மரமும் கம்பமும் தள்ளுபடியாகிவிடவில்லை. சங்கத்தின் விதிப் புத்தகத்தில், அடையாளமிட்ட பகுதியில் தட்டு பட்டால் போதும் என்று அவற்றுக்கும் இன்று வரை இடம் இருக்கிறது.

குழந்தைகளோடு நீங்களும் ஆடிப் பார்க்கலாம். இடுப்பு உயரத்தில் பழைய ரவிக்கைத் துணியைக் கட்டி, அதற்கு மேலா கீழா என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மரத்தைவிடத் தகர டிரம் உத்தமம். பட்டால் தெரு முழுவதும் கேட்கும். குறுக்கே ஆள் வந்தால் நிறுத்துங்கள். தட்டு மட்டும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், எவர்சில்வர் வேண்டாம்.