அரிசி வாங்கிய சோழி

என் பாட்டியின் சுருக்குப் பையில் ஆறு சோழிகள் இருந்தன. பால்வெட்டு முடிந்த மாலை வேளைகளில் லயத்து வாசலில் கரித்துண்டால் கட்டம் கீறித் தாயம் ஆடுவார். "கடலுக்கு அந்தப் பக்கத்துச் சாமான்" என்பதற்கு மேல் அவற்றின் கதை அவருக்குத் தெரியாது.

அந்தப் பக்கத்தைச் சென்ற பள்ளி விடுமுறையில் நேரில் காணும் வாய்ப்புக் கிட்டியது. ஆசிரிய நண்பர்கள் நால்வர் மாலத்தீவுக்குப் போயிருந்தோம்.

தலைநகர் மாலேயின் வடகரையில் துறைமுகத்தையொட்டிச் சந்தை. தேங்காயும் வாழைத்தாரும் மாசிக் கருவாடும் 'தோனி' என்னும் படகுகளில் வந்து இறங்குகின்றன. அரிசி மட்டும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். மணல் தீவில் நெல் விளையுமா?

அப்படியானால் அந்நாளில் சோற்றுக்கு என்ன செய்தார்கள்? விடை ஒரு கடையில், கண்ணாடிச் சாடி நிறைய இருந்தது. சோழி! அவர்கள் மொழியில் அதன் பெயர் 'பொலி'. நமக்குப் பொலி என்றால் களத்து நெற்குவியல். இரண்டுக்கும் உறவு உண்டென்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் அவர்களுக்கு அரிசி கொடுத்தது அந்தப் பொலிதான்.

தென்னை ஓலைகளை ஆழமில்லாக் கடலில் மிதக்க விடுவார்களாம். சோழிப் பூச்சிகள் வந்து ஒட்டிக்கொள்ளும். அவற்றைக் கரையில் குழி தோண்டிப் புதைத்தால், சதை அழுகி வெள்ளை ஓடு மிஞ்சும். 1343இல் அங்கே வந்து நீதிபதியாகவும் இருந்த பயணி இபுனு பத்தூத்தா, ஒரு தங்க தினாருக்கு 4 இலட்சம் சோழி, மலிந்தால் 12 இலட்சம் என்று எழுதியிருக்கிறார். வங்காளத்தார் அரிசி தந்து சோழி ஏற்றிச் சென்றனர். வங்காளச் சந்தைகளில் அதுவே ஏழையின் சில்லறை. அது துருப்பிடிக்காது, அதில் கள்ளக்காசு அடிக்கவும் முடியாது.

பின்னர் ஐரோப்பியர் வந்தனர். 1700க்கும் 1790க்கும் இடையில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோன சோழி 11,000 டன்னுக்கும் அதிகம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். இன்றைய பெனின் நாட்டிலுள்ள உய்டா போன்ற துறைகளில் அதை எண்ணிக் கொடுத்து மனிதரை வாங்கினார்கள். ஓலையில் ஒட்டிய பூச்சியின் ஓடு, ஒரு தாய் பெற்ற பிள்ளைக்கு விலையாயிற்று! அடிமை வாணிகம் ஒடுங்கியபின் அதே கரையில் செம்பனை எண்ணெய்க்கும் சோழியே காசு. நம் தோட்டங்களில் நிற்கும் செம்பனையின் தாயகமும் அந்த மேற்கு ஆப்பிரிக்காதானே! 1965இல் கானா நாடு தன் பணத்துக்குச் சூட்டிய 'செடி' என்ற பெயரும் அங்குள்ள அக்கான் மொழியில் சோழியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்ததே.

பள்ளி திறந்ததும் பாட்டியின் ஆறு சோழிகளையும் மேசைமேல் வைத்து இந்தக் கதையைச் சொன்னேன். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "சார், அப்ப ஓர் ஆளுக்கு எத்தனை சோழி?" என்று கேட்டாள்.

நான் கணக்கு வாத்தியார். ஆனாலும் கையிலிருந்த சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"மனுசனுக்கு விலை போட்டதுதானம்மா தப்பு" என்றேன்.