ஸ்காட்லாந்தில் ஓர் இமயமலை

கோல்ஃப் ஆட்டத்தின் தாயகமென்று உலகம் கொண்டாடும் செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரத்துக்கு ரயில் கிடையாது. எடின்பரோவிலிருந்து வருகிறவர்கள் லூக்கர்ஸ் என்னும் சிறிய நிலையத்தில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். நானும் அவ்வாறே போய்ச் சேர்ந்து, புகழ்பெற்ற பழைய மைதானத்தையும் அதன் ஓடைமீதுள்ள கற்பாலத்தையும் எல்லோரையும் போலத் தரிசித்துவிட்டு, வடகடற்காற்று காதைத் துளைக்க மணற்கரையை நோக்கி நடந்தபோது, புல் போர்த்த மேடுபள்ளங்களுக்கிடையே குழந்தைகளும் பாட்டிமார்களும் கல்லூரி மாணவர்களும் கலந்து நின்று, ஆரவாரத்துடன் பந்து உருட்டிக்கொண்டிருந்த ஒரு திடலைக் கண்டேன். அந்த மேடுகளுக்குத்தான் ‘இமயமலை’ என்று நாமகரணம் செய்திருக்கிறார்கள்! இமயத்துக்கு உரியவர்களாகிய நமக்கு இதில் சிறிது ஆட்சேபம் இருக்க நியாயமுண்டு. ஆயினும் அத்திடலின் சரித்திரத்தைக் கேட்டால் ஆட்சேபம் நீங்கிவிடும்.

ஸ்திரீகள் மட்டையைத் தோளுக்குமேல் ஓங்குவது மரியாதைக் குறைவு என்று பெரிய மனிதர்கள் கருதிய காலம் அது. நெடுந்தூரம் பந்தடிக்கும் பாக்கியம் மறுக்கப்பட்ட மாதர்கள், குழியருகே பந்தை மெல்லத் தட்டிச் சேர்க்கும் அம்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மட்டை சுமக்கும் பணியாட்கள் பழகிவந்த இடத்தில் ஆடிப் பார்த்தார்கள். அங்கே ஏளனமே மிஞ்சியதால், 1867-இல் தமக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். அவர்களுக்குத் திடல் அமைத்துக் கொடுத்தவர், அதே ஆண்டில் தமது 46-ஆம் வயதில் ஓப்பன் பந்தயத்தில் வென்ற முதிய டாம் மாரிஸ். அத்தனை வயதில் அப்பட்டத்தை வென்றவர் இன்றுவரை வேறெவரும் இல்லை. அம்மாதர் சங்கமே இன்றும் இத்திடலை நடத்திவருகிறது. கூப்பிடு தூரத்தில் கம்பீரமாக நிற்கும் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் சங்கமோ, 1754-இல் தோன்றியும், பெண்களை அங்கத்தினராகச் சேர்க்க 2014-ஆம் ஆண்டில்தான் சம்மதித்தது. சிறிய கோல்ஃபின் கதை இந்தப் பெண்களிடம் தொடங்குகிறது என்பதே என் அபிப்பிராயம்.

சிறிய கோல்ஃப் திடல்களில் வழக்கமாகக் காணும் காற்றாலைப் பொம்மையோ சுரங்கக் குழாயோ இங்கே கிடையாது. நிலமே தந்திரம் செய்கிறது. நான் தட்டிய பந்து மேட்டின் உச்சிவரை ஏறி, அங்கே ஒரு கணம் யோசித்து நின்று, பிறகு என் காலடிக்கே திரும்பி வந்தது. பின்னால் முறைக்காகக் காத்திருந்த மூதாட்டி ஒருவர், “குழியைப் பார்த்து அடிக்காதீர்கள்; இடப்பக்கச் சரிவுக்கு அனுப்புங்கள், அது கொண்டுபோய்ச் சேர்க்கும்” என்றார். அப்படியே செய்தேன், பந்து வளைந்து இறங்கிக் குழிக்குச் சாண் தூரத்தில் நின்றது.

பொம்மைகளும் குழாய்களும் அமெரிக்காவின் கைவண்ணம். லுக்அவுட் மலையில் விடுதி நடத்திய கார்னெட் கார்ட்டர் என்பவர் 1920-களின் பிற்பகுதியில் விருந்தினருக்காக அமைத்த ‘டாம் தம்’ கோல்ஃப், பருத்திக்கொட்டை உமியை எண்ணெயும் சாயமும் கலந்து பரப்பும் மலிவான தரையின் உதவியால் நாடெங்கும் பரவி, 1930-இல் இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட திடல்கள் என்னும் அளவுக்குப் பெருகியது. பொருளாதார மந்தத்தில் வாடிய ஜனங்களுக்குச் சில்லறைக் காசில் கிடைத்த உல்லாசம் அது. ஆனால் காலி மனை வைத்திருந்தவனெல்லாம் திடல் போட்டால் வியாபாரம் எப்படி நிலைக்கும்? வந்த வேகத்திலேயே அம்மோகம் வடிந்தது.

பின்னர் இச்சிறிய கோல்ஃபுக்கு ஒழுங்கு கற்பித்தவர் பால் போங்னி என்னும் சுவிட்சர்லாந்துக்காரர். 1954-இல் அஸ்கோனா நகரில் திறக்கப்பட்ட அவருடைய திடலில் ஓடுபாதைகளெல்லாம் நிர்ணயித்த அளவில் சிமெண்டுக் கலவையால் அமைந்திருந்தமையால், ஓர் ஊரில் எடுத்த கணக்கை வேறோர் ஊர்க் கணக்கோடு ஒப்பிட முடிந்தது. இன்று உலகப் போட்டி ஆடுகிறவர்கள், கடினத்திலும் துள்ளலிலும் வேறுபட்ட பந்துகளைப் பெட்டி நிறையக் கொண்டுவந்து, குளிரில் அவற்றின் துள்ளல் குன்றாதிருக்கச் சட்டைப் பையில் வைத்துச் சூடேற்றுகிறார்கள். லண்டன் போன்ற மாநகரங்களில் இளைஞர்கள் மதுக்கிண்ணமும் கையுமாக இதே ஆட்டத்தை ஆடுகிறார்கள். அந்த மின்விளக்குக் கூத்து எனக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை.

பழைய மைதானத்தில் ஆட விரும்புகிறவர் தேர்ச்சிச் சான்று காட்டி, பெரும்பாலும் சீட்டுக் குலுக்கலில் தம் பெயர் வருமா என்று காத்திருக்க வேண்டும். இமயத்துக்கு அந்தச் சிரமம் இல்லை. சில பவுண்டுகள் கொடுத்தால் மட்டையும் பந்தும் கையில் தருகிறார்கள். சில வேளைகள் சங்கத்து மாதர்களுக்கு உரியவை ஆதலால், செயிண்ட் ஆண்ட்ரூஸ் செல்லும் வாசகர்கள் பொதுமக்களுக்கான நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, கோடையில் ஒரு பிற்பகலை அங்கே செலவிடுவார்களாக.