வண்டியைத் தேர்பவர் யார்?

இல்லறத்தில் பெரிய முடிவுகளால் எழும் பூசல்களைவிடச் சிறு பொருள்களை வாங்கும்போது எழும் மனத்தாங்கல்களே மிகுதி என்பது நாம் பல்லாண்டுகளாகக் கண்டுவரும் உண்மை. வீடு கட்டும்போது கணவனும் மனைவியும் பத்து முறை கூடிப் பேசுகின்றனர். பிள்ளையின் திருமணத்திற்குச் சுற்றத்தார் அனைவரையும் கலந்துகொள்கின்றனர். மனைவி ஓட்டுவதற்கென ஒரு ஸ்கூட்டர் வாங்கும்போது மட்டும், அவரைத் தவிர மற்ற அனைவரும் கூடி அதைத் தேர்ந்தெடுக்கின்றனர். இத்திங்கள் இது குறித்து வாசக அன்பர்களோடு சிறிது அளவளாவ விழைகிறோம்.

திண்டுக்கல் வட்டாரத்தில் நாம் பணியாற்றும் பங்கில் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். வீட்டிலிருந்து பதினான்கு கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிற்றூர்ப் பள்ளியில் அவருக்கு வேலை. பள்ளி நாலேகால் மணிக்கு முடியும். பேருந்தோ ஆறு மணிக்குத்தான் வரும். வராமலே போகும் நாள்களும் உண்டு. வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளையும் முழங்கால் வலியால் துன்புறும் மாமியாரும் வழிமேல் விழிவைத்துக் காத்திருப்பர். ஈராண்டுகள் இவ்வாறு அல்லலுற்றபின், "வேலையை விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன், சாமி" என்று ஒருநாள் அவர் நம்மிடம் சொன்னார். அந்த ஊதியமின்றி வீட்டுக் கடனை அடைக்க வழியில்லை என்பதை அவரும் அறிவார், கணவரும் அறிவார். ஆகவே ஸ்கூட்டர் ஒன்று வாங்குவதென முடிவாயிற்று.

கணவர் நல்லவர், பொறுப்பு மிக்கவர். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கட்டம் போட்டு, எந்த வண்டிக்கு என்ன விலை, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், ஐந்தாண்டு கழித்து விற்றால் என்ன கிடைக்கும் என்றெல்லாம் எழுதி வந்தார். நான்கு கடைகள் ஏறி இறங்கினார். அலுவலக நண்பர்களைக் கேட்டார், மைத்துனரைக் கேட்டார், பட்டறைக்காரரையும் கேட்டார். நோட்டில் ஒன்பது கட்டங்கள் இருந்தன. மனைவியின் உயரத்துக்கோ, கைவலிமைக்கோ, அவர் அன்றாடம் செல்லும் பாதைக்கோ ஒரு கட்டமும் இல்லை.

இதற்காக அவரைக் கடிந்துகொள்ளலாகாது. இப்பழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக ஊறிய ஒன்று. 1946-இல் இத்தாலி நாட்டில் வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ வானூர்திப் பொறியாளர். மோட்டார் சைக்கிளை விரும்பாதவர். காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டாதபடி நடுவில் வெளிவிட்டு, கால் வைக்கத் தட்டையான தளமும் அமைத்தார். பாவாடை அணிந்த பெண்களும் எளிதில் ஓட்டலாயினர். ஆயின் அதே குடும்பத்து வண்டி நம் நாட்டில் பஜாஜ் நிறுவனத்தின் வாயிலாகப் பரவி, 1972-இல் சேத்தக் என்னும் பெயரில் வந்தபோது, அது பெரும்பாலும் ஆண்மகனின் வண்டியாகவே இருந்தது. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி அது. ஒரு பக்கம் சாய்த்து, காலால் உதைத்துக் கிளப்பி, இடக்கைப் பிடியைத் திருகிக் கியர் மாற்ற வேண்டும். மனைவியின் இடம் பின்னிருக்கை, மடியில் குழந்தை, ஒருக்களித்த அமர்வு. சட்டமும் அவரை அங்கேதான் கண்டது. பின்னால் அமர்பவரின் ஆடை சிக்காதவாறு பின்சக்கரத்தில் பாதியையேனும் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்பது இன்றளவும் நம் மோட்டார் வாகன விதிகளில் உள்ளது.

காலம் பின்னர் மாறியது. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. 1984-இல் வந்த கைனெடிக் ஹோண்டாவில் கியர் மாற்றும் வேலையும் இல்லை. உதைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பொத்தானை அழுத்தினாலே கிளம்பிற்று. 2001-இல் வந்த ஹோண்டா ஆக்டிவா வீட்டில் எவரும் ஓட்டும் வண்டியாயிற்று. 2018-இல் தமிழக அரசு, பணிபுரியும் மகளிர் ஸ்கூட்டர் வாங்க, விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய் வரை மானியம் வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. பெண் பின்னிருக்கையிலிருந்து முன்னிருக்கைக்கு வந்துவிட்டார். கடைக்குச் சென்று தேர்பவர் மட்டும் இன்னும் அவராகவில்லை.

நம் ஆசிரியையின் கதைக்கு வருவோம். கணவர் 125 சி.சி. வண்டியொன்றைத் தேர்ந்து, முன்பணம் கட்டுவதற்கு முதல்நாள் மனைவியைக் கடைக்கு அழைத்துச் சென்றார். அவர் ஏறி அமர்ந்தார். கால்விரல் நுனிகளே தரையைத் தொட்டன. "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்றார் விற்பனையாளர். "அடுத்த ஆண்டு நானும் ஓட்டலாமே" என்றார் கணவர். ஆசிரியை ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை இருவரும் நம் இல்லத்திற்கு வந்தனர். மாமியாரும் உடன் வந்து, "விழுந்து வச்சா என்ன செய்யறது சாமி? பேசாம பஸ்ஸுலயே போகச் சொல்லுங்க" என்றார்.

நாம் ஒன்றே ஒன்று கேட்டோம்: "பள்ளிக்கு முன் உள்ள ஓடைப்பாலத்து மேட்டில் எதிரே லாரி வந்தால், வண்டியை நிறுத்திக் கால் ஊன்ற வேண்டியவர் யார்?" கணவர் சற்று நேரம் தரையைப் பார்த்திருந்தார். பின்னர் நோட்டை மனைவியிடம் நீட்டி, "நீயே பார்" என்றார்.

அடுத்த பத்து நாள்கள் அந்த அம்மையாரின் தேடல் தொடர்ந்தது. உடன் பணியாற்றும் ஆசிரியைகளின் வண்டிகளை இரவல் வாங்கி, கோயில் மைதானத்தில் ஒவ்வொன்றாய் ஓட்டிப் பார்த்தார். அவர் கண்டறிந்தவை எல்லார்க்கும் பயன்படும் என்பதால் இங்கே குறிக்கிறோம். இன்றைய ஸ்கூட்டர்களில் பலவும் 100 முதல் 110 கிலோ எடையுள்ளவை. இருக்கை ஏறத்தாழ 76 முதல் 78 சென்டிமீட்டர் உயரம். இரண்டு சென்டிமீட்டர் ஒரு பொருட்டா என்று தோன்றும். உயரம் குறைந்தவர்க்கு அதுவே பாதம் பதிவதற்கும் விரல்நுனி தொடுவதற்கும் உள்ள வேறுபாடு. இருக்கை அகன்றிருந்தாலும் கால் விலகித் தரைக்கு எட்டாமற் போகும். இதைத் தாளில் படித்து அறிய இயலாது. அமர்ந்தே அறிய வேண்டும். வண்டியை நடு ஸ்டாண்டில் தனியே ஏற்றி இறக்க முடிகிறதா, வீட்டு வாசலின் சரிவில் பின்னோக்கித் தள்ள முடிகிறதா, பிரேக்கின் பிடி விரலுக்கு எட்டுகிறதா, குறுகிய சந்தில் கால் ஊன்றாமல் திருப்ப முடிகிறதா என்று ஒவ்வொன்றாய்ச் சோதித்தார். மின்சார ஸ்கூட்டரையும் ஓட்டினார். ஓசையின்றிச் சென்றது அவருக்குப் பிடித்திருந்தது. வாடகைவீட்டு மாடியிலிருந்து மின்கம்பி இறக்க உரிமையாளர் இசையாததால் அதை விட்டார்.

ஈற்றில் 110 சி.சி. வண்டியொன்றைத் தேர்ந்தார். கணவர் கண்ட வண்டியினும் அது எளியது. மைத்துனர் முகம் சுளித்தார். ஆயினும் இரு பாதங்களும் தரையில் பதிந்தன. கியரில்லா வண்டிக்கெனத் தனிப்பிரிவு ஓட்டுநர் உரிமத்தில் இருப்பதால், முறையாகப் பழகி, தேர்வெழுதி, உரிமமும் பெற்றார். மாமியாரின் அச்சத்தை வாதத்தால் தீர்க்க முயலவில்லை. அவரை அருகிலுள்ள மருந்துக்கடை வரை மெதுவாக அழைத்துச் சென்று வந்தார். இரண்டாம் முறை கிழவியார் தாமே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் ஆயத்தமாக நின்றார்.

இப்போது நாலே முக்காலுக்கு ஆசிரியை வீடு சேர்கிறார். வேலையை விடும் பேச்சு எழவில்லை. ஞாயிறுதோறும் கணவர் பின்னால் அமர்ந்து வருகிறார், பிள்ளை நடுவில், மூவர்க்கும் தலைக்கவசம். முதல் வாரம் தேநீர்க்கடை வாசலில் இருந்தோர் சிலர் நகைத்தனர். "சம்பளம் வாங்காத டிரைவர் கிடைத்திருக்கிறார், உங்களுக்கென்ன பொறாமை?" என்று அவரே சொல்லிச் சிரித்தார். அச்சிரிப்பில் தாழ்வு ஏதுமில்லை.

வாசக அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் இத்தகைய தேடல் நிகழுமாயின், கணக்குப் பார்ப்பதும் கடைகளை விசாரிப்பதும் கணவரின் வேலையாக இருக்கட்டும். அதுவும் அன்பின் பணியே. முன்பணம் கட்டுமுன் ஓட்டப்போகிறவரை வண்டியில் அமரச் செய்யுங்கள். அவர் பாதம் எங்கே நிற்கிறது என்று குனிந்து பாருங்கள். அவர் "வேண்டாம்" என்றால், காரணம் கேட்காமல் அடுத்த வண்டியைக் காட்டுங்கள். அன்றாடம் சாலையில் அதன்மேல் உயிரை வைத்துச் செல்பவர் அவர்தாம்.