‘சரிபார்க்க வேண்டும்’ என்று எழுதியவன் நான்

2020 ஏப்ரலில் பெங்களூர் துபரஹள்ளியில், குப்பை பிரித்துப் பிழைக்கும் இருபத்துச் சொச்சம் வங்காளக் குடும்பங்களுக்குப் போயிருக்க வேண்டிய அரிசியை நான் நிறுத்திவைத்தேன். தெரிந்தே செய்தேன். அந்த ஊரடங்கு நாட்களைப் பற்றிப் பேச்சு வந்தால் என்னை நல்லவிதமாகச் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், எங்கள் தெருவிலும் அலுவலகத்திலும் தமிழ் நண்பர்கள் வட்டத்திலும். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியை இத்தனை வருஷமாக நான் சொல்லவில்லை.

மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நான்கு மணி நேரத்தில் நாடு பூட்டிக்கொண்டது. தினக்கூலிக்காரர்களுக்கு மறுநாள் காலையே கையில் ஒன்றும் இல்லை. பெங்களூர் அப்போது காட்டிய ஈரத்தை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். தங்களுக்கு வடிக்கும்போதே கூடப் பத்துப் பேருக்கு வடித்து, பொட்டலம் கட்டி, போலீஸ் பாஸ் வைத்திருந்த ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்பிய வீடுகள் எனக்குத் தெரியும். விற்காமல் தேங்கிய நந்தினி பாலை அரசே வாங்கிக் குடிசைப் பகுதிகளில் இலவசமாகக் கொடுத்தது. பல அமைப்பினர் ஒன்றுசேர்ந்து ‘மெர்சி மிஷன்’ என்ற பெயரில் முதலில் சோறு போட்டார்கள்; நோய் முற்றியபோது ஆக்சிஜன் கொடுத்தார்கள், கடைசியில் எந்த மதத்துப் பிணமானாலும் தூக்கி அடக்கம் செய்தார்கள். வேறு ஊரில் மாட்டிக்கொண்ட தொழிலாளர்களுக்குப் போன் போட்டுப் பேசி, அவர்கள் கணக்கில் சிறு தொகை போட்டுவிடும் வேலையை ‘ஸ்வான்’ குழுவினர் எடுத்துக்கொண்டார்கள்.

நான் சேர்ந்தது இவற்றில் எதுவும் இல்லை. நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களுமாகக் கூடிய ஒரு சின்னக் குழு. சர்ச் ஹால் ஒன்றைக் கேட்டு வாங்கி அதில் மூட்டைகளை இறக்கினோம். ஒரு கிட் என்றால் ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ துவரம்பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய், உப்பு, சர்க்கரை, டீத்தூள், சோப்பு. எனக்குத் தமிழும் கன்னடமும் சரளம், இந்தி தட்டுத்தடுமாறி வரும். அதனால் போன் வேலை எனக்கு. வருகிற அழைப்புகளை கூகுள் ஷீட்டில் பதிய வேண்டும், வரிசைப்படி ஆட்களுக்குக் கிட் ஒதுக்க வேண்டும். முதல் நாளே கூடிப் பேசி இரண்டு விதி வைத்தோம்: முன்னால் கேட்டவருக்கு முன்னால், யாரிடமும் கார்டு கேட்கக் கூடாது. இரண்டையும் நான்தான் மீறினேன்.

அழைப்புகள் அல்சூரிலிருந்தும் மர்பி டவுனிலிருந்தும் வந்தன, நீலசந்திராவிலிருந்தும் ஈஜிபுராவிலிருந்தும் வந்தன. “நீங்க தமிழா? நல்லதாப் போச்சு சாமி” என்று அந்தப் பக்கம் குரல் இளகும். வீட்டு வேலை செய்யும் அம்மா ஒருவர், “அபார்ட்மென்ட்டுக்குள்ள விட மாட்டேங்கறாங்கப்பா, சம்பளம் கேட்டா அடுத்த மாசம் பார்க்கலாங்கறாங்க” என்பார். கிட் போய்ச் சேர்ந்ததும் திரும்பக் கூப்பிட்டு, நான் பெறாத பிள்ளை நீ என்பார். அந்தச் சொற்களுக்காக நான் ஏங்க ஆரம்பித்தேன். வீட்டில் அடைந்து கிடந்த நேரத்தில் என்னை ஒரு மனுஷனாக உணரவைத்தவை அவைதான். அவர்கள் கஷ்டம் பொய்யில்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தலைமுறைகளாக இங்கே இருப்பவர்கள், கையில் பி.பி.எல். கார்டு உண்டு. ஏப்ரலில் ரேஷன் கடையில் இரண்டு மாத அரிசியைச் சேர்த்துப் போட்டார்கள், அதையும் வாங்கியிருந்தார்கள். எனக்கு அது தெரியும், ஏனென்றால் அவர்களே சொன்னார்கள்.

துபரஹள்ளியிலிருந்து பேசியவர் “தாதா” என்று, அதாவது அண்ணா என்று, ஆரம்பித்தார். முர்ஷிதாபாத் பக்கம். அபார்ட்மென்ட்களின் உலர் குப்பையைத் தார்ப்பாய்க் குடிசைகளுக்கு நடுவே கொட்டிப் பிரித்து, பிளாஸ்டிக் தனி, அட்டை தனி, பால் கவர் தனி என்று கட்டி, பழைய பொருள் கடைக்கு எடை போடுவது அவர்கள் பிழைப்பு. 2015 டிசம்பரில், குப்பையை வீட்டிலேயே பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று கர்நாடக உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு எங்கள் மாதிரிக் குடியிருப்புகள் உலர் குப்பை என்று தனியாகக் கட்டி வைப்பதெல்லாம் கடைசியில் இப்படிப்பட்டவர்கள் கையில்தான் போய்ச் சேர்கிறது. ஊரடங்கில் பழைய பொருள் கடைகள் மூடிவிட்டன. கட்டிய மூட்டைகள் அப்படியே கிடந்தன. இருந்த அரிசி தீர்ந்துவிட்டது, குழந்தைகள் இருக்கிறார்கள் என்றார். நான் முழுதும் புரிந்துகொண்டேன். புரிந்துகொண்ட பிறகு, “எல்லாருக்கும் ஆதார் இருக்கா? போட்டோ அனுப்புங்க” என்றேன்.

அதுவரை ஒருவரிடமும் ஆதார் கேட்டதில்லை.

ஏன் கேட்டேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த ஜனவரியில்தான் பெல்லந்தூர் பக்கம் கரியம்மன அக்ரஹாராவில், வங்கதேசத்தவர் குடியிருக்கிறார்கள் என்ற பேச்சைக் கிளப்பி நூற்றுக்கணக்கான குடிசைகளை இடித்துத் தள்ளினார்கள். இருந்தவர்களில் பலர் வட கர்நாடகத்துக்காரர்கள், வடகிழக்கிலிருந்து வந்தவர்கள், இந்த நாட்டுக் குடிமக்கள். உயர்நீதிமன்றம் அதைக் கண்டித்தது. அந்தச் செய்தியைப் படித்து நான் கொதித்தேன். மார்ச் கடைசியில் டெல்லி நிஜாமுதீன் மத மாநாட்டைக் காட்டி நோய்ப் பழியை முஸ்லிம்கள் மேல் போட்டபோதும், ஏப்ரல் தொடக்கத்தில் இதே பெங்களூரில் சாப்பாடு கொடுக்கப் போன முஸ்லிம் தன்னார்வலர்களை ஒரு கும்பல் அடித்தபோதும் கொதித்தேன். அப்படி இருந்தும் துபரஹள்ளிக்காரர் தன் பெயரைச் சொன்ன நொடியில், அந்தப் பேச்சு அந்த மொழியில் வந்த நொடியில், எனக்குள் சந்தேகம் எழுந்து நின்றது. யார் யாரைக் கண்டித்துக்கொண்டிருந்தேனோ அவர்கள் வைத்திருந்த அதே சந்தேகம்.

இரவு ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் படங்கள் வர ஆரம்பித்தன. நீலத் தார்ப்பாயின் மேல் வைத்து எடுத்த கார்டுகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் காற்றில் பறக்காமல் அழுத்திப் பிடித்த ஒரு கட்டைவிரல். போன் திரையின் மேலே அறிவிப்பாக வந்து வந்து போனதில் இதைப் பார்த்தேன். உள்ளே போய்த் திறக்கவில்லை. திறந்தால் அவருக்கு நீல டிக் காட்டும்; பார்த்துவிட்டேன் என்று தெரிந்துவிடும்; பிறகு கொடுக்காமல் இருக்க முடியாது. சாம்பல் நிற டிக் இருக்கும்வரை நான் இன்னும் பார்க்காதவன். ஷீட்டில் அந்த வரிசைக்கு நேராகச் ‘சரிபார்க்க வேண்டும்’ என்று எழுதினேன். எழுதியதும் வரிசை அடியில் போய்விட்டது.

அடுத்த நாள் புது மூட்டைகள் இறங்கின. வரிசைப்படி அது துபரஹள்ளிக்குப் போயிருக்க வேண்டும். ஈஜிபுராவுக்கும் நீலசந்திராவுக்கும் அனுப்பினேன். ஏற்கெனவே ஒருமுறை வாங்கியவர்கள் அதில் உண்டு. ஒரு மாநிலத்துக் கார்டுக்கு இன்னொரு மாநிலத்தில் ரேஷன் வாங்க வழிசெய்யும் ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ திட்டத்தில் மேற்கு வங்கம் 2021இல்தான் சேர்ந்தது. ஊர் ரேஷன் கார்டை வைத்துக்கொண்டு இங்கே ஒரு பிடி அரிசிகூட வாங்க முடியாத ஆட்கள் துபரஹள்ளிக்காரர்கள். இருக்கிறவருக்கு மறுபடியும் கொடுத்தேன், வாசல் எல்லாம் அடைபட்டவருக்கு என் வாசலையும் அடைத்தேன்.

ஏப்ரல் நடுவில் ஸ்வான் குழுவின் அறிக்கை வந்தது. 11,159 தொழிலாளர்களிடம் பேசித் தொகுத்தது. 96 சதவீதம் பேருக்கு அரசிடமிருந்து ரேஷன் வரவில்லை. பாதிப் பேரிடம் ஒரு நாளைக்குக்கூடப் போதாத அளவே மிச்சம் இருந்தது. நெஞ்சு அடைக்கிறது என்று ஒரு வரி சேர்த்து அதை எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினேன். அனுப்பிய அதே திரையில், கொஞ்சம் கீழே, அவருடைய திறக்காத செய்திகள் இருந்தன. விரலால் தள்ளி மேலே போனேன்.

இதைச் செய்தவன் யார் என்பதையும் சொல்ல வேண்டும். 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்ததை ஒட்டி பெங்களூரில் தமிழர்கள் மீது கலவரம் வெடித்தது. நாங்கள் ஸ்ரீராமபுரத்தில் இருந்தோம். எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மா எங்களைத் தன் வீட்டுச் சமையலறையில் உட்காரவைத்து, வாசலில் வந்து நின்றவர்களிடம் இங்கே தமிழர் யாரும் இல்லை என்று சொல்லி அனுப்பினார். பேசும் மொழியைக் கேட்டே ஆளை எடைபோடுவது எவ்வளவு பயங்கரம் என்று சின்ன வயதிலேயே உடம்பால் அறிந்தவன் நான். அந்தக் கதையைப் பல கூட்டங்களில் சொல்லியும் இருக்கிறேன்.

2020 மே 5 அன்று அப்போதைய முதலமைச்சர் எடியூரப்பா கட்டுமான முதலாளிகளைச் சந்தித்துப் பேசியதும், வெளிமாநிலத் தொழிலாளர்களை ஊருக்கு அழைத்துப் போகும் ரயில்கள் வேண்டாம் என்று அரசு ரயில்வேக்கு எழுதியது. எதிர்ப்பு கிளம்பியதும் ஓரிரு நாளில் திரும்ப விட்டார்கள். அப்போதும் நான் ஆவேசமாக எழுதினேன். எழுதியதில் தப்பில்லை, அந்த முடிவு கொடுமையானதுதான். ஆனால் என் கைக்கு எட்டிய இடத்தில் நானும் அதையேதான் செய்திருந்தேன்: அவர்கள் எப்போது சாப்பிடலாம் என்பதை என் வசதிப்படி தீர்மானித்தேன்.

துபரஹள்ளிக்கு அரிசி போனது ஏப்ரல் முடிகிற நேரத்தில். எங்கள் குழுவில் கொல்கத்தாவிலிருந்து படிக்க வந்த மாணவி ஒருத்தி இருந்தாள். ஷீட்டின் அடியில் கிடந்த வரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் அந்த எண்ணைக் கூப்பிட்டு வங்காளத்தில் பேசினாள், மறுநாளே வண்டி பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இடைப்பட்ட நாட்களில் அவர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று அவள் வந்து சொன்னாள். முனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் கன்னடத்துக்காரர், திரும்பி வருமா என்று தெரியாத கடனுக்கு, நோட்டில் எழுதிக்கொண்டு நொய்யரிசி கொடுத்திருக்கிறார். கலபுரகி பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து பக்கத்துக் கொட்டகையில் தங்கியிருந்தவர்கள் தங்கள் சோள மாவைப் பங்குபோட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வங்காளிகளுக்கு ரொட்டி தட்டத் தெரியவில்லை என்று கலபுரகிப் பெண்களே வந்து தட்டியும் கொடுத்தார்களாம். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. அவர்களிடமும் மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. யாரும் கார்டு கேட்கவில்லை.

“ஏன் அண்ணா இது கீழேயே கிடந்தது?” என்று அவள் கேட்டாள். படங்கள் தெளிவாக இல்லை, திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை என்றேன். இரண்டும் பொய். நான் கூப்பிடவே இல்லை.

பிறகு ஒரு நிகழ்ச்சியில் எனக்குச் சால்வை போட்டார்கள். எங்கள் குழு எத்தனை குடும்பங்களுக்கு உதவியது என்று மேடையில் படித்த கணக்கில் துபரஹள்ளியும் சேர்ந்திருந்தது. நான் கை கூப்பினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதை எழுதி முடித்ததும், அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தக் கொல்கத்தா மாணவிக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இப்போது வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள். போனில் எல்லாவற்றையும் சொன்னேன். தெரியும் என்றாள். ஷீட்டில் எந்த வரிசையை யார், எந்த மணிக்கு மாற்றினார்கள் என்று பின்னால் போய்ப் பார்க்கலாம், அன்றைக்கே பார்த்துவிட்டாளாம். அப்போதே ஏன் என்னைக் கேட்கவில்லை என்றேன்.

“கேட்டிருந்தா நீங்க குழுவை விட்டுப் போயிருப்பீங்க அண்ணா. தமிழ்ல பேச எங்களுக்கு வேற ஆள் இல்லை” என்றாள்.