பில் இல்லாத மோட்டார்

போன கோடையில் எங்க கிணத்து மோட்டாரைக் கழட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. 5 ஹெச்.பி. மோனோபிளாக். உள்ளே இருக்கிற செம்புக் கம்பிக்காகத்தான் இந்தத் திருட்டு. எடைக்குப் போட்டால் உடனே காசு.

இன்சூரன்ஸ் இருந்தது. சர்வேயர் வந்ததும் கேட்டது, "வாங்கின பில் எங்கேங்க?"

பெரியப்பா தோட்டத்திலிருந்து பழைய மோட்டாரா வாங்கினது. பில்லுக்கு எங்கே போவது? மோட்டார் ஓடினதுக்குக் கரண்ட் பில்லைக் காட்டலாம்னா, தமிழ்நாட்டில் விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம். போலீஸ் ஸ்டேஷனில் முதலில் சி.எஸ்.ஆர். ரசீதுதான் தந்தாங்க, கம்பெனி கேட்டதோ எஃப்.ஐ.ஆர். அதுக்கே மூணு நடை.

கடைசியில் காயில் கட்டுற கடைக்காரரின் நோட்டுதான் கைகொடுத்தது. மோட்டார் நம்பர், என் பேர், தேதி, கூலி எல்லாம் எழுதி வச்சிருந்தார். மகள் செல்போனில் நேம் பிளேட் போட்டோ ஒண்ணு இருந்தது. பெரியப்பா, தான் வித்ததா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். தேய்மானம் கழிச்சுப் பாதிப் பணம் வந்தது. அதுக்குள்ள தண்ணியில்லாம காய்ஞ்ச கத்திரிச் செடி எந்தக் கணக்கிலும் சேரலை.

உங்க வீட்டிலும் பில் இல்லாத பழைய பொருள் இருக்கும். அதில் இருக்கிற நம்பரை இன்னிக்கே ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.